யாரும் காணாத இடத்தில் வேலை

பழைய பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒன்றைக் கட்டுகிறவர் முதலில் செய்வது, கடைசியில் யார் கண்ணிலும் படாத வேலை. இறக்கையும் வாலும் பிறகுதான். விமானியின் அறையை முதலில் முடித்தாக வேண்டும். இருக்கை, அதன் பின்னால் ஒரு தடுப்பு, விரல்நகத்தில் பாதியளவு கருவிப் பலகை, காலால் மிதிக்கும் கட்டை என்று நாலைந்து துண்டுகள். சட்டத்திலிருந்து அவற்றை நறுக்கி எடுக்க வேண்டும். அச்சில் ஒழுகி நின்ற பிசிறைக் கத்தியால் சீவ வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். எனாமல் டப்பாவைத் திறந்தால் நிறப்பொடி அடியில் படிந்து கிடக்கும். அடிவரை கிளறிய பிறகே நிறம் நிறமாக வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் விமானம் என்றால் உள்ளறைக்குச் சாம்பல் கலந்த பச்சை. அதை நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொரு பூச்சு. கருவிப் பலகைக்குக் கறுப்பு. அதில் ஒவ்வொரு முள்வட்டத்துக்கும் தூரிகை நுனியால் ஒரு வெள்ளைப் புள்ளி. 72-இல் ஒரு பங்கு என்ற அளவில் ஆறடி ஆள் ஓர் அங்குலம்தான். அந்த ஆள் உட்காரும் இடத்துக்கு இத்தனை பாடு. பிறகு உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பசை தடவுகிறார்கள். இந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். திரும்பப் பிரிக்க முடியாது. மேலே மூடும் கண்ணாடி பழைய கிட்களில் தடித்து மங்கலாக இருக்கும். உள்ளே பச்சையா கறுப்பா என்றுகூட வெளியிலிருந்து சொல்ல முடியாது. மறையப்போகும் ஒன்றை இவ்வளவு செப்பமாகச் செய்வதில் பொருள் உண்டா? பொழுதுபோக்கு பற்றிய கேள்வியாகத்தான் இது தொடங்குகிறது. ஆனால் கொஞ்சம் தொடர்ந்து போனால், ஒரு செயலின் நேர்மை எங்கே குடியிருக்கிறது, செய்கிறவனிடமா, பார்க்கிறவனிடமா, செய்யப்படும் பொருளிடமா என்ற பழைய கேள்வியில் வந்து நிற்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் போகும் வழியில் நம் ஊர்ப்பக்கத்துச் சான்றுகளே போதுமான அளவு இருக்கின்றன.

செய்யாற்றங்கரையில் இருக்கிறது காவாந்தண்டலம். லட்சுமி நாராயணப் பெருமாள் கோயிலால் வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர். அங்கிருந்து உத்திரமேரூர் வரை நிலமெல்லாம் ஏரிப்பாசனத்தை நம்பியது. ஏரி என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது கரையும் தண்ணீரும். ஏரியைப் பயிருக்கு உதவும் ஏரியாக வைத்திருப்பதோ தூம்பு. பழைய குமிழித்தூம்பில், தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக்கல்லும் மட்டும்தான் வெளியே தெரியும். கீழே, ஏரியின் தரைமட்டத்தில், துளையிட்ட கல் பதித்த தொட்டி. மேல்துளையை மூடியிருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும். அடித்துளைகள் வழியே சேறும் கூடவே வெளியேறும். அங்கிருந்து கரைக்கு அடியில் கட்டிய சுருங்கை வழியாக நீர் மறுபுறத்து வாய்க்காலுக்குப் போகும். கரையைக் கொட்டி மூடிய பின் அந்தச் சுருங்கையின் உட்சுவரை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒரு கல் சரியாகப் பொருந்தாமல் போனால் தண்ணீர் கரைமண்ணை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். ஒரு மழைக்காலத்தில் கரையே போய்விடும். காணாத இடத்து வேலைக்கு இது முதல் சான்று. ஆனால் இது என் கேள்விக்கு முழு விடை தராது. சுருங்கையைக் கட்டியவர் கவனமாக இருந்ததற்குக் காரணம் கேட்டால், பயிர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வேலை மறைந்திருந்தாலும் அதன் பயன் வயலில் தெரிகிறது. மாடல் விமானத்தின் கருவிப் பலகைக்கு அப்படி ஒரு வயல் இல்லை.

இதே வட்டாரத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லோரும் அவற்றை மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அவற்றில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது, அவன் உறவினரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அந்தச் சபை கல்லில் வெட்டி வைத்தது. பொதுவேலை பார்வைக்கு உட்பட வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு கறாராகச் சொன்ன ஊர் அது. அதற்காக நாம் பெருமைப்படுவது சரிதான். ஆனால் சட்டம் எவ்வளவு கறாராக இருந்தாலும் கணக்கில் வருவதைத்தான் கேட்க முடியும். எத்தனை கூடை மண் எடுத்தாய் என்று கேட்கலாம். கரைக்குள் வைத்த கல்லை எந்த மனத்தோடு வைத்தாய் என்று எந்தச் சபையும் கேட்க முடியாது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது சட்டத்துக்கு வெளியே, அறத்துக்கு மட்டும் உரிய பகுதி. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கோயில் கலை நம்மை இன்னும் ஒரு படி அருகே கொண்டுபோகிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை அருங்காட்சியகத்தில் சுற்றிவந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்பக்கமும் முன்பக்கம் போலவே முடிந்திருக்கும். பின்னந்தலையில் சிரச்சக்கரம், தோளில் புரளும் முடிச்சுருள், இடையாடையின் மடிப்பு, எல்லாம் உண்டு. ஆனால் இவை அருங்காட்சியகத்துக்காக வார்க்கப்பட்டவை அல்ல. வீதியுலாவில் பட்டும் மாலையும் நகையும் சாத்தி, திருமுகமும் கையும் மட்டும் தெரியும்படி எழுந்தருளியவை. திருமஞ்சனம் செய்யும் அர்ச்சகர் தவிர அந்த மடிப்புகளை முழுதாகக் கண்டவர் மிகச் சிலர். இங்கே பார்வையாளர் ஒருவர் இருவராகச் சுருங்கிவிட்டார், ஆனால் இல்லாமல் போகவில்லை. அதையும் தாண்டியது கர்ப்பநியாசம். மயமதம் முதலிய சிற்ப நூல்கள் சொல்லும் அந்தச் சடங்கில், அறை அறையாகப் பிரித்த பேழை ஒன்றில் மணிகள், உலோகத் துண்டுகள், தானியம், பலவகை மண் ஆகியவற்றை வகுத்து வைத்து, இரவில் கட்டடத்துக்குள் பதித்து மூடிவிடுவார்கள். எந்த அறையில் எது என்பதற்குக்கூட விதி உண்டு. மூடிய பிறகு அர்ச்சகரும் பார்க்க முடியாது. ஆனாலும், கட்டியவனுக்கும் ஊருக்கும் நன்மை என்று சாத்திரம் அதற்கும் ஒரு பலன் சொல்லிவிடுகிறது. பயிருக்குப் பதில் புண்ணியம், அவ்வளவுதான் வேறுபாடு.

சிறிய உருவம் செய்வதும் நம் சமயத்தில் பெரும்பாலும் ஒரு கொடுக்கல் வாங்கலாகவே இருந்திருக்கிறது. அய்யனாருக்கு மண்குதிரை, அம்மனுக்குக் கண்மலர், பிள்ளை வரத்துக்கு மரத்தொட்டில். பஞ்சாபில் ஜலந்தர் அருகே தல்ஹன் என்ற ஊரின் குருத்துவாராவில் வெளிநாடு போக விசா வேண்டி பொம்மை விமானங்களையே காணிக்கையாக வைத்துவந்திருக்கிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பத் தவிக்கும் குடும்பத்தின் வேண்டுதல் அது. ஆனால் அங்கே பொம்மையின் வேலை ஆசையைக் குறிப்பதோடு முடிகிறது. அதன் உள்ளே இருக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேண்டுதலுக்குத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்து உள்ளறைக்குப் பச்சை பூசுகிறவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பயன், பார்வையாளர், பலன் ஆகிய மூன்றும் கழிந்த பிறகும் ஒரு செயல் செப்பமாக நடக்கிறது என்றால், அந்தச் செப்பம் எதற்குக் கடன்பட்டது என்று அந்த இடத்தில்தான் தெளிவாகக் கேட்க முடியும். இத்தனை சின்னப் பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். ஏரியும் கோயிலும் பெரியவை. அவற்றில் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

இனி ஒரு குறிப்பிட்ட விமானத்தை எடுத்துக்கொள்வோம். போல்டன் பால் நிறுவனத்தின் டிஃபையன்ட், 1937 ஆகஸ்டில் முதலில் பறந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே 72-இல் ஒரு பங்கு மாடலாக விற்றது. இறக்கையின் முழு நீளம் பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இந்த விமானத்தோடு நமக்கு ஓர் உறவு உண்டு. அதை ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் படைப்பிரிவுக்கு 'சென்னை மாகாணம்' என்பதே பெயர். மாகாணம் போருக்குக் கொடுத்த நிதிக்காகச் சேர்ந்த பெயர் அது. 79, 234 ஆகிய பிரிவுகளுக்கும் அதே பெயர் உண்டு. காவாந்தண்டலம் அன்று அந்த மாகாணத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. டிஃபையன்டில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. விமானியின் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று, அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், அவற்றின் நடுவே ஒரு மனிதர். 1940 மே 29 அன்று டன்கர்க் வான்பரப்பில் இந்தப் பிரிவு ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. உண்மை எண் அதைவிட மிகக் குறைவு என்று பிற்கால ஆய்வு காட்டியது. முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கினால் இதனால் பதிலடி கொடுக்க முடியாது என்பதை எதிரி கண்டுகொண்ட பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் பெரும் இழப்போடு அதைப் பகல் போரிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். கூண்டுக்குள் பாரசூட் பையோடு உட்கார இடமில்லாததால், பாரசூட்டையே உடையோடு சேர்த்துத் தைத்த ஒரு தனி அங்கி. வெளியேறும் வழி கூண்டின் பின்புறம். கூண்டு பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வருவது மிகக் கடினம். அடிபட்ட விமானத்திலிருந்து விமானி குதித்துத் தப்பினாலும் கூண்டுக்காரர் பெரும்பாலும் விமானத்தோடே போனார்.

இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் அந்தக் கூண்டின் உட்புறத்துக்கு வண்ணம் பூசும்போது பூசுவது எதற்கு? வெளியே பழுப்பும் பச்சையுமான உருமறைப்பும் வட்டச் சின்னமும் விமானத்தை விமானமாகக் காட்டும். உள்ளே இருக்கும் இருக்கைதான் அது மனிதர் போன விமானம் என்று சொல்லும். வெளிப்பக்கத்தை மட்டும் அழகாகச் செய்து உள்ளே வெற்றுப் பிளாஸ்டிக்காக விட்டால், ஆள் இல்லாத ஓர் ஆயுதத்தைச் செய்திருக்கிறோம். ஆகவே அந்தப் பச்சைப் பூச்சு யாருக்காக என்ற கேள்விக்கு என் விடை: பார்ப்பவருக்காக அல்ல, செய்கிறவரின் மனநிறைவுக்காகவும் அல்ல. உருவம் எதன் உருவமோ அதற்கு நாம் பட்ட கடன் அது. ஒன்றின் உருவத்தைச் செய்ய எடுத்துக்கொண்ட கணமே அது எப்படி இருந்ததோ அப்படிச் சொல்லும் பொறுப்பு வந்து சேர்கிறது. பேச்சில் இதை வாய்மை என்கிறோம். வள்ளுவர் வாய்மை பற்றிப் பேசும்போது ஊராரைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. பொய் என்று தெரிந்தே சொல்பவனை அவன் நெஞ்சே சுடும் என்கிறார். கேட்பவன் கண்டுபிடிக்காத பொய்யும் பொய்தான் என்றால், பார்ப்பவன் கண்டுபிடிக்காத பொய் உருவமும் பொய் உருவம்தான். நாவுக்கு ஒரு நியாயம், கைக்கு வேறொரு நியாயம் என்று இருக்க முடியாது.

இப்படிச் சொன்னதும் ஒரு நியாயமான கேள்வி எழும்: அப்படியானால் எங்கே நிறுத்துவது? கருவிப் பலகைக்குப் பின்னால் கம்பிகள் உண்டு, எஞ்சினுக்குள் வால்வுகள் உண்டு. எல்லாவற்றையும் செய்ய வேண்டுமா? வேண்டாம். அளவுக்கு உண்மையாக இருப்பது என்றால் அளவு அனுமதிக்காததை விட்டுவிடுவதும்தான். பழைய கிட்களின் இறக்கையைத் தடவிப் பார்த்தால் அறையாணிகள் புடைத்து நிற்பது விரலுக்குத் தெரியும். உயிரோட்டம் என்று அன்று அதைக் கொண்டாடினார்கள். அந்தப் புடைப்பு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலம் என்று வைத்துக்கொண்டால், உண்மை அளவுக்குப் பெருக்கும்போது இரண்டரை சென்டிமீட்டரை நெருங்கும் குமிழ். எந்தப் போர்விமானத்தின் இறக்கையிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. ஆகவே கருத்துள்ளவர்கள் உப்புத்தாளை நனைத்து அந்தப் புடைப்பைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். அதிகமாகக் காட்டியிருந்ததை நீக்கிய பிறகு உருவம் உண்மைக்கு நெருங்குகிறது. நம் சிற்பிகளுக்கு இது புதிதல்ல. தாலம் என்னும் உறுப்பளவுக் கணக்கில் திருமேனி செய்கிறவர் நரம்பையும் எலும்பையும் காட்டுவதில்லை; எதை விட வேண்டும் என்பதும் அவர் கற்ற கல்வியின் பகுதி. எனவே நான் சொல்லும் நேர்மை முடிவில்லாத நுணுக்கத்தைக் கேட்பதில்லை. ஓர் அங்குல மனிதன் உட்காரும் இடத்தில், ஓர் அங்குல மனிதனுக்கு எது தெரியுமோ அது இருந்தால் போதும்.

பக்தர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். யாரும் காணாத இடம் என்று ஒன்று உண்டா? இறைவன் காண்கிறானே, அவனுக்காகத்தான் செப்பமாகச் செய்ய வேண்டும் என்பார்கள். இந்த விடையை நான் மதிக்கிறேன். பல தலைமுறைகளாக நல்ல கைவினைஞர்களை நடத்திச் சென்ற நம்பிக்கை அது. ஆனால் அது கேள்வியைத் தீர்க்கவில்லை, தள்ளிப் போடுகிறது. கண்காணிப்பவர் ஏரி வாரியத்தில் இல்லாமல் வானத்தில் இருக்கிறார் என்பதால் மட்டும் பயந்து செய்யும் வேலை பயமற்ற வேலை ஆகிவிடாது. இதற்கு நம் மரபிலேயே ஓர் ஆழமான விடை இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் பூசலார் கதை அது. திருநின்றவூரில் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிப் பொருள் தேடுகிறார், கிடைக்கவில்லை. மனத்துக்குள் கட்டத் தொடங்குகிறார். மனத்தில்தானே என்று ஒரே மூச்சில் கோபுரத்தை எழுப்பிவிடவில்லை. கருவிகளும் ஆட்களும் திரட்டுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடிநிலை முதல் மேல்நிலை வரை ஆகம முறைப்படி வரிசையாக எழுப்புகிறார், இரவிலும் உறங்காமல் வேலை நடத்துகிறார், சுதை பூசுகிறார், கிணறு எடுக்கிறார், மதில் வளைக்கிறார், குளம் தோண்டுகிறார், குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளைக் காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் குறித்திருக்கிறான். முந்தின இரவு இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயில்தான் அந்தக் கற்றளி என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் நம் மாவட்டத்தின் மிக அழகான கட்டடம், கண்ணுக்கே தெரியாத ஒரு கட்டடத்துக்கு வழிவிட்டு நின்றிருக்கிறது.

இந்தக் கதையைப் பக்தி வென்றது, செல்வம் தோற்றது என்று படிப்பது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று கவனிக்கத்தக்கதாகப் படுகிறது. கனவு கடைசியில் வருகிறது. அதற்கு முந்தைய எல்லா நாள்களிலும் பூசலார் எந்த அடையாளமும் இல்லாமல்தான் வேலை செய்தார். இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், வரப்போகிறான், மன்னன் வந்து வணங்கப்போகிறான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கனவு வராமலே இருந்திருந்தால் அவர் எழுப்பிய கோயில் குறைந்ததாகிவிடுமா? ஆகிவிடும் என்றால், இறைவன் தேடி வந்ததற்கே காரணம் இல்லாமல் போகிறது. எதைக் கண்டு வந்தான்? வருவதற்குத் தகுதியான ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது, அதனால் வந்தான் என்பதுதான் கதைக்குப் பொருந்தும். இறைவன் வந்தது மதிப்பை உண்டாக்கவில்லை, இருந்த மதிப்பை ஒப்புக்கொண்டது. இப்படிப் படித்தால் பக்தனும் கடவுளை நம்பாதவனும் ஒரே இடத்தில் நிற்கலாம். ஒருவர் அந்த மதிப்பை இறைவன் அறிவான் என்பார், மற்றவர் யாரும் அறியமாட்டார்கள் என்பார். மதிப்பு இருக்கிறது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயம் பலனில் உரிமை கொண்டாடாதே என்று சொல்வதையும் நான் இப்படியே புரிந்துகொள்கிறேன். பலனை விட்டால் மீதி நிற்பது கடமையுணர்வு என்ற வறண்ட ஒன்று மட்டும் அல்ல. கையிலிருக்கும் பொருள்மேல் கவனம் முழுதும் போய்ச் சேர்வதற்கு அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

பயன் பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. செய்ய எத்தனையோ வேலை கிடக்கிற நாட்டில், மறைந்துபோகும் கருவிப் பலகைக்குப் புள்ளி வைப்பது வீண் அல்லவா? பிள்ளையின் படிப்பையும் வயதான தாயின் மருந்தையும் மறந்துவிட்டு ஒருவர் இதில் உட்கார்ந்திருந்தால் அந்த எதிர்ப்பு முழுவதும் சரி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் எதிர்ப்பு அதோடு நிற்பதில்லை. பயன் தராத கவனம் எல்லாமே வீண் என்று அது ஒரு பொதுவிதி சொல்கிறது. அந்த விதியை ஏற்றால் பயனுள்ள வேலைகளே கெட்டுப்போகும் என்பதற்குச் சுருங்கைதான் சான்று. பயனுக்காக மட்டும் கவனமாக இருப்பவன், பயன் முடியும் இடத்தில் கவனத்தை நிறுத்திவிடுவான். அது எங்கே முடிகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியாது. கரைக்குள் எந்தக் கல் நூறு ஆண்டு கழித்துக் கசியும் என்று வைக்கிற அன்று யாருக்குத் தெரியும்? தெரியாத இடத்திலும் ஒழுங்காக வைப்பவன், கணக்குப் பார்த்து வைப்பவன் அல்ல. அப்படி வைக்காமல் இருக்க அவனால் முடியாது, அவ்வளவுதான். உடனே, மாடல் கட்டுவது அந்தக் குணத்துக்குப் பயிற்சி, ஆகவே பயனுள்ளது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. பயிற்சி என்று நினைத்துச் செய்தால் பயிற்சிக்குத் தேவையான அளவோடு நின்றுவிடுவார்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது: பயன் எல்லா வேலைக்கும் அளவுகோல் ஆக முடியாது, ஏனென்றால் நாம் நம்பியிருக்கும் பல வேலைகள் அந்த அளவுகோலைக் கையில் எடுக்காதவர்களால் செய்யப்பட்டவை.

தற்பெருமை பற்றிய ஐயமும் உண்டு. மூடுவதற்கு முன் உள்ளறையைப் படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்டுகிறார்களே, இதில் எங்கே இருக்கிறது காணாத வேலை என்று கேட்கலாம். காட்டுகிறார்கள்தான். அப்போது அந்த வேலைக்குப் பார்வையாளர் வந்துவிட்டார், என் வாதம் அந்த இடத்துக்குப் பொருந்தாது. ஆனால் படம் எடுத்த பிறகும் படத்தில் வராத வேலை மிச்சம் இருக்கிறது. இரண்டு பாதிகளை ஒட்டும் விளிம்பில் வண்ணம் படிந்திருந்தால் பசை பிளாஸ்டிக்கைத் தொடாது, இணைப்பு வலுவாகாது. விளிம்பு முழுவதும் கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் பழைய நீர்ச்சின்னங்கள் மஞ்சள் பாய்ந்து, தண்ணீரில் போட்டதும் சில்லுச் சில்லாக உடையும். அவற்றுக்கு முதலில் மேலே ஒரு தெளிந்த வார்னிஷ் பூச்சு கொடுத்துக் காயவைத்தால்தான் ஒரே தாளாக நழுவி வரும். இதற்கெல்லாம் யாரும் கைதட்டுவதில்லை. செய்கிறவரின் மனத்தில் பெருமை கொஞ்சமும் இல்லை என்று நான் வாதிடவும் வேண்டியதில்லை. மனிதன் கலப்பான எண்ணங்களோடுதான் எதையும் செய்கிறான். கோயில் கட்டிய மன்னர்களும் மெய்க்கீர்த்தியைச் சேர்த்தே வெட்டினார்கள். அதனால் கல் கோணலாகிவிடவில்லை. எண்ணம் கலப்பாக இருந்தாலும் வேலை நேராக இருக்க முடியும் என்பதே நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. பூசலார் மனத்திலேயே கட்டினார் என்றால் பிளாஸ்டிக் எதற்கு, பசை எதற்கு? உட்கார்ந்து அந்தக் கூண்டையும் அதிலிருந்த மனிதரையும் நினைத்தால் போதாதா? பெரும்பாலோர்க்குப் போதாது. மனம் தடை இல்லாத இடம். அங்கே ஒரு படியைத் தாண்டிவிட்டு முடித்துவிட்டதாக நம்பிக்கொள்வது எளிது. பிளாஸ்டிக் அப்படி விடாது. இருக்கை கோணலானால் தடுப்பு பொருந்தாது, தடுப்பு பொருந்தாவிட்டால் உடல் மூடாது. பூச்சு காயும் முன் தொட்டால் விரல்ரேகை பதிந்து நிற்கும். நாம் நினைத்ததற்கும் செய்ததற்கும் உள்ள தூரத்தைப் பொருள் அந்த இடத்திலேயே காட்டிவிடுகிறது. பூசலாருக்கு அந்தத் தடை தேவைப்படவில்லை. கல்லும் சுண்ணாம்பும் கேட்கும் ஒழுங்கை அவர் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தார். ஆனால் கல்லைவிட மனம் மேல் என்று அவர் முடிவெடுத்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. முதலில் பொருள் தேடித்தான் அலைந்தார். கிடைத்திருந்தால் கல்லிலேயே கட்டியிருப்பார். மண்ணுக்குள் போகும் அடிக்கல்லை, மேலே தெரியும் கல்லுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு வைத்திருப்பார் என்பதற்கு அவர் மனத்தில் படிப்படியாகச் செய்த வேலையே சான்று.